விமான நிலையத்துக்கு யார் போவது

குழுவில் நாங்கள் ஐந்து பேர்.
நான் உயிரியல். பிரெஞ்சுக்கு ஆள் தேர்ந்தெடுக்க
வெளித்துறையிலிருந்து ஒருவர் இருக்க வேண்டுமென்பது விதி.
ஒப்புக்குச் சப்பாணி.
ஜன்னலோர நாற்காலி, கீழே கொதிக்கும் ஹீட்டர்,
வெளியே மின்னசோட்டாவின் ஜனவரி.

பணியிடம் ஒன்று.
விண்ணப்பம் நூற்று எழுபத்து மூன்று.
மொத்தக் கல்லூரியிலும் இந்த வருடம்
பிரெஞ்சு படிப்பவர்கள் நாற்பத்தொரு பேர்.
கணக்கைப் படித்தபோது யாரும் சிரிக்கவில்லை.

விளம்பரம் எழுதவே ஏழு வாரம் ஆனது.
பிரெஞ்சு, என்று தொடங்கினோம்.
தேவைப்பட்டால் ஸ்பானிஷும், என்றார் டீன் கிம்பல்.
சினிமா தெரிந்தால் நல்லது, என்றது சேர்க்கைப் பிரிவு.
நீச்சல் அணியையும் பார்த்துக்கொள்வார்களா
என்று கேட்டவர் பெயரைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம்
என்று மட்டும் ஏகமனதாக முடிவு செய்தோம்.

நூற்று எழுபத்து மூன்றில் ஒன்று
லோர்னா ஸ்வைகர்ட் அனுப்பியது.
அவர் அறை எதிர்க்கதவு.
திறந்திருந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வோம்.
ஒன்பது வருடமாக, மே மாதந்தோறும்
நூலக அட்டை மாதிரி புதுப்பிக்கப்படுகிறவர்.
நாற்பத்தொரு பேருக்கும் முதல் வினைச்சொல்
அவர் வாயிலிருந்து வந்ததுதான்.

அவர் கோப்புக்குப் பன்னிரண்டு நிமிடம்.
'நமக்குத் தெரிந்தவர்தானே' என்றார் ரைன்ஹார்ட்.
தெரிந்திருப்பது ஒரு குறையைப் போல ஒலித்தது.
'புது ரத்தம் வேண்டாமா' என்றார் இன்னொருவர்.
ரத்தம் ஏற்றுமுன் வகை பொருந்துமா என்று பார்ப்போம்
என்று உயிரியல்காரன் நான் சொல்லியிருக்கலாம்.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

'போட்டி மிகக் கடுமையாக இருந்த காரணத்தால்'
என்று தொடங்கும் கடிதம்
எதிர்க்கதவுக்குத் தபாலில் போனது.
இருபது அடி தூரம், நான்கு நாள்.

பிப்ரவரியில் மூன்றாவது ஆள் வருகிற இரவு,
பனிப்புயல்.
விமானம் மினியாபொலிஸில் பதினொன்றரைக்கு.
ரைன்ஹார்ட்டுக்கு இருட்டில் கண் தெரியாது.
தலைவருக்குக் குழந்தைக் காய்ச்சல்.
என் காரின் டயர்கள் ஜூலைக்கானவை.
பனிச்சக்கரம் போட்ட கார் அந்தக் கட்டடத்தில் ஒன்றுதான்.
செயலர் கிரெட்சன் எதிர்க்கதவைத் தட்டினாராம்,
எதையும் யோசிக்காமல்.
லோர்னா கையுறையைத் தேடினாராம்.

மறுநாள் காலை
இமோஜன் வாஸ் எங்கள் முன் உட்கார்ந்தார்.
எதற்காக இந்தச் சின்னக் கல்லூரி என்று கேட்டோம்.
எல்லாரும் சொல்லும் பதிலை அவர் சொல்லவில்லை.
கண்ணை மூடாமல் விருப்ப வினை சொல்ல வராத
ஒரு பன்றிப்பண்ணைப் பையனைப் பற்றிப் பேசினார்.
இரவுப் பணி முடித்து ரொட்டி மாவு ஒட்டிய சட்டையோடு
எட்டு மணி வகுப்புக்கு வருகிறவளைப் பற்றி.
'இவர்களுக்குத்தான் கற்பிக்க விரும்புகிறேன்.'

அறை ஒரு நொடி நின்றது.
மாணவர்மீது அக்கறை என்ற கட்டத்தில்
ஐந்துக்கு ஐந்து போட்டேன்.
பையன் பெயர் அவருக்கு எப்படித் தெரிந்தது
என்று யோசித்தபோது
மை காய்ந்துவிட்டது.

கை தூக்கினோம். ஐந்து கை.

ஏப்ரலில் வாஸ் கிழக்கே
பெரிய இடமொன்றுக்குப் போய்விட்டார்;
மரியாதையாகக் கடிதம் எழுதினார்.
அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம் என்று
டீன் பணியிடத்தையே மடித்து உள்ளே வைத்தார்.
மே மாதம் எதிர்க்கதவுக்கு வழக்கமான உறை.

ஜூனில் ஒரு தாள் என் மேசைக்கு வந்தது.
நிதி அலுவலகம் இரண்டு முறை திருப்பியனுப்பியது,
குழுவில் யாராவது கையெழுத்துப் போட்டால் போதுமாம்.
இருநூற்றுப் பன்னிரண்டு மைல். சொந்த வாகனம்.
பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில்
லோர்னாவின் சாய்ந்த எழுத்தில்:
ஆள் எடுக்க.

கையெழுத்துப் போட்டேன்.
எதிர்க்கதவு திறந்திருந்தது.
உள்ளே யாரோ ஒரு பையன்
ஒரு வினையை மூன்றாவது தடவை தப்பாகச் சொன்னான்;
'இன்னொரு முறை' என்றார் அவர்.